தந்தியின் உயரமும் குழந்தையின் விரலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் நின்று பேசும் தகுதி எமக்கு உண்டோ என்னும் ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. யாம் இசைப் புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு எம் படிப்பு முடிந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் பட்டியல்களோடும், அண்மைக் காலமாகக் கணிப்பொறியோடும் காலங்கழித்து வருகின்றோம். அத்தகையோர் வீணையைப் பற்றியும் கிதாரைப் பற்றியும் பேச முற்படுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், அறிஞர் தம் அறிவைச் சொல்லுவர். எம்போன்றோர் தம் பிழையைச் சொல்லலாம் அன்றோ? எம் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையையும், அதனைத் திருத்தப் புகுந்தபோது யாம் கற்றுக்கொண்டவற்றையும் உங்கள் முன் வைக்கவே இங்கு வந்துள்ளோம்.

எம் மாமியார் தம் இளமையில் வாசித்த வீணை ஒன்று கும்பகோணத்து வீட்டின் பரண்மீது நெடுங்காலம் கிடந்தது. 2017ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அதனைத் துணியில் சுற்றி, தமிழ்நாடு விரைவு வண்டியில் இந்த நாகபுரிக்குக் கொணர்ந்தோம். அவ்வாண்டு விஜயதசமியன்று எம் மூத்த மகள் அதன்முன் அமர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது. முதல் ஆறு மாதம் ஆர்வத்தோடு வாசித்தாள். பின்னர், "அப்பா, விரல் எரிகிறது" என்றாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றோம். ஓராண்டு சென்றபின், "அப்பா, இன்று வேண்டாமே" என்றாள். சோம்பல் கூடாது என்றோம். கற்பித்த ஆசிரியையோ, "மேல் சுரங்களில் சுருதி சேரவில்லை, குழந்தைக்குக் காது போதாது போலும்" என்று வருந்தினார். எம் மனைவியார் மட்டும் மகளின் விரல் நுனியைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழியை யாம் அவள் காதுபடவே கூறினோம். 2019ஆம் ஆண்டில் அவள் வீணையைத் தொடுவதை விட்டுவிட்டாள். வீணைக்கு உறை போட்டு மூலையில் சாத்தினோம். எம் மகளுக்கு இசை வரவில்லை என்று முடிவு கட்டினோம்.

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது என்பதை யாம் அறிந்தது 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான். வீட்டை வெள்ளையடிக்க எல்லாவற்றையும் எடுத்து வைத்தபோது வீணையின் பிருடை ஒன்று உடைந்துவிட்டது. அதனைச் செப்பனிடச் சீதாபுல்டிக் கடைத்தெருவில் சிதார் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். வீணை தமக்குப் பழக்கமில்லாத கருவி என்று முதலிலேயே அவர் சொல்லிவிட்டார். எனினும் தந்தியின்மீது ஒரு விரலை வைத்து அழுத்தினார், புருவத்தை நெரித்தார், மீண்டும் அழுத்தினார். "பாபுஜி, இதனை வாசிப்பவர் யார்?" என்று இந்தியில் கேட்டார். "எம் மகள் வாசித்தாள், விட்டுவிட்டாள்" என்றோம். "விட்டது நியாயந்தான். இந்தத் தந்தியோடு யார்தான் மல்லுக்கட்ட முடியும்? வீணை தெரிந்தவரிடம் காட்டுங்கள்" என்றார். பிருடைக்கு மட்டும் கூலி பெற்றுக்கொண்டார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எம் நெஞ்சு எம்மைச் சுட்டது.

நிற்க. தந்தியின் உயரம் என்பது யாது? அதனைத் தெளிவுற விளக்குதல் வேண்டும்.

வீணையின் குடத்தின்மீது குதிரை நிற்கின்றது. குதிரையின் தலையில் பதித்த உலோகத் தகட்டின்மீது தந்திகள் ஏறிச் செல்லுகின்றன. மறுகோடியில், யாளி முகத்துக்கு முன்னே உள்ள மேருவின்மீது அவை இறங்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே தண்டியின்மீது 24 மெட்டுகள் உள்ளன. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு தந்திகளும் மெட்டுகளுக்கு மேலே செல்லுகின்றன. தாளத்திற்குரிய மூன்று தந்திகள் பக்கத்தில் தனியே உள்ளன. மெட்டின் தலைக்கும் அதன்மேல் செல்லும் தந்திக்கும் இடையே உள்ள வெளியையே தந்தியின் உயரம் என்கின்றோம். மேருப் பக்கத்தில் இவ்வெளி சிறிது. குதிரையை நெருங்க நெருங்கப் பெரிது. ஆகவே கீழ்ச் சுரங்களில் எளிதாக ஓடும் விரல் மேல் சுரங்களில் இடர்ப்படும். எம் மகள் மேல் சுரங்களில்தான் அழுதாள் என்பதை இங்கு நினைவில் கொள்க.

தந்தி மிக உயர்ந்திருந்தால் விளையும் தீமைகள் மூன்று.

முதலாவது, வலி. எஃகுத் தந்தியை அவ்வளவு தொலைவு அழுத்தித் தாழ்த்த விரல் நுனிக்கு மிகுந்த வலிமை வேண்டும். ஒரு வேளை பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை அழுத்தும் குழந்தையின் நிலை என்னாகும்?

இரண்டாவது, சுருதிக் கேடு. அழுத்தும்போது தந்தி சற்றே நீள்கின்றது. நீளும்போது இழுவிசை கூடுகின்றது. இழுவிசை கூடினால் சுரம் உயர்கின்றது. தந்தியின் உயரம் இரு மடங்கானால் இந்த நீட்சி ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது என்பது கணக்கு. எனவே மெட்டு சரியான இடத்தில் இருந்தாலும், தந்தி உயர்ந்திருந்தால் சுரம் தன் இடத்தைவிட்டு மேலே ஏறி ஒலிக்கும். வலியத் தந்தியை வெல்ல வேண்டிக் குழந்தை இன்னும் ஓங்கி அழுத்தும். சுரம் இன்னும் ஏறும். எம் மகளுக்குக் காது போதாது என்று கருதியதன் காரணம் இதுவே. ஆசிரியையின்மீதும் குற்றம் இல்லை. அவர் தம் வீட்டில், தம் வீணையில், நாற்பது ஆண்டு பழகிய விரலால் வாசிப்பவர். எம் வீட்டு வீணையில் ஓரிரு வரிகளே வாசித்துக் காட்டுவார்.

மூன்றாவது, கமகக் கேடு. வீணையின் உயிர் கமகம். ஒரு மெட்டின்மீது தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த சுரங்களை எழுப்புகின்றோம். இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சுரத்தானம் உயர்த்தத் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு கூட வேண்டும். சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரை, அதாவது நான்கு சுரத்தானம் உயர்த்த, ஏறத்தாழ 59 விழுக்காடு கூட வேண்டும். இவ்வளவையும் இரு விரல்கள் தாங்கி, நடுங்காமல் நின்று, மீண்டும் இறங்க வேண்டும். அழுத்துவதிலேயே விரலின் வலிமை தீர்ந்துவிடுமானால் இழுப்பதற்கு எஞ்சுவது யாது?

அப்படியானால் தந்தியை இயன்ற மட்டும் தாழ்த்திவிடலாமே என்று இளைஞர் சிலர் கேட்கலாம். அதுவும் ஆகாது. மீட்டிய தந்தி ஓரிடத்தில் நிற்பதன்று. மேலும் கீழும் அலைவது. அலைவதற்கு வெளி இல்லையேல் அடுத்த மெட்டின் தலையில் மோதி இரைச்சல் எழும். நாதம் உடனே அடங்கிவிடும். இழுக்கும்போதும் தந்தி மற்ற மெட்டுகளில் உரசிக் கமகம் கெடும். ஆகவே மிகுந்தாலும் தீது, குறைந்தாலும் தீது. இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பதே தொழிலாளியின் திறமை.

அவ்வளவும் எல்லார்க்கும் ஒன்றன்று. வீணை தனம்மாள் (1867-1938) மென்மையான வாசிப்புக்குப் பேர்போனவர். எஸ். பாலசந்தர் (1927-1990) ஒரே மெட்டில் தந்தியை நெடிது இழுத்துப் பல சுரங்களைக் காட்டுவதில் வல்லவர். அவரவர் கைக்கும் பாணிக்கும் ஏற்பக் கருவி அமைதல் வேண்டும். பெரிய வித்துவான்களுக்கே அவ்வாறு எனின், ஒன்பது வயதுக் குழந்தைக்கு வேண்டாவோ?

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். இரயில் நிலையத்தின் உயர்ந்த நடைமேடை தண்டவாள மட்டத்திற்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என்பது விதி. மேடை மிகத் தாழ்ந்திருந்தால் மூதாட்டியர் வண்டியில் ஏறத் தவிப்பர். அப்போது அவர்தம் முழங்காலைப் பழிப்பதுண்டோ? மேடையை உயர்த்தவே கோருகின்றோம். மிக உயர்ந்துவிட்டாலோ வண்டியின் படிக்கட்டு இடிக்கும். மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்திருப்பது அதனாலேயே. அலுவலகத்தில் இவ்வளவும் அறிந்த யாம், வீட்டில் எம் மகளின் விரலைப் பழித்தோம்!

இனி, தந்தியின் உயரம் ஏன் மாறுகின்றது என்பதைக் காண்போம்.

வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தண்டியின் இரு ஓரங்களிலும் வரம்பு போல் அமைத்த கரிய மெழுகில் பதிந்து நிற்பவை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரிப்பொடியும் சேர்த்துக் காய்ச்சி அம்மெழுகைச் செய்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் கொண்ட இவ்வமைப்பு நிலைபெற்றது என்பர். மெழுகில் ஒரு பெரும் நன்மை உண்டு. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, உயர்த்தியும் தாழ்த்தியும் சுருதி சேர்க்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் அதற்குரிய தந்திக்கும் ஏற்ப மெட்டுகளை அமைக்கலாம்.

ஆனால் மெழுகு வெப்பத்திற்கு அஞ்சுவது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகுவதாயினும், அதற்கு மிக முன்னதாகவே இளகத் தொடங்கிவிடும். நம் நாகபுரியின் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. வெளியில் 45 டிகிரியைத் தாண்டும் நாள்களில் மூடிய வீட்டின் மேற்குச் சுவரோரம் சாத்திய வீணையின் நிலை என்ன? மெழுகு இளக, விரல் அழுத்த அழுத்த மெட்டு சிறிது சிறிதாகப் புதையும். மெட்டு தாழ்ந்தால் தந்தி உயர்ந்தது போலவே ஆகும். எல்லா மெட்டுகளும் ஒரே அளவாகத் தாழ்வதும் இல்லை. ஒன்று புதைந்து அடுத்தது நிமிர்ந்து நின்றால், புதைந்ததை அழுத்தும்போது தந்தி அடுத்ததில் இடித்து இரையும். குளிர்காலத்திலோ மெழுகு இறுகி வெடிக்கும். மெட்டு ஆட்டம் கொடுக்கும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. வீணைக்கு உரியது பலாமரம். ஒரே மரத்தில் குடமும் தண்டியும் தலையும் குடைந்தெடுத்த வீணை ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தது ஒட்டு வீணை. எதுவாயினும் ஏழு தந்திகளின் இழுவிசையை இரவும் பகலும் தாங்குவது. பல்லாண்டு செல்லச் செல்லத் தண்டி சற்றே வளையலாம். இணைப்பு சிறிது நெகிழலாம். அன்றியும், காற்றில் ஈரம் மிகும்போது மரம் உப்பும், வறளும்போது சுருங்கும். காவிரிக் கரையில் வளர்ந்த கருவி நம் ஊரின் வறண்ட கோடைக்கு வரும்போது, நம்மைப் போலவே அதுவும் புதிய தட்பவெப்பத்துக்குப் பழக வேண்டியிருக்கின்றது.

நம் காலனிப் பிள்ளைகளில் வீணை கற்போரைவிடக் கிதார் கற்போரே மிகுதி. அவர்கள்பால் எமக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் இச்செய்தி பொருந்தும். கிதாரின் மெட்டுகள் மரத்தில் இறுகப் பதித்தவை, நகர்த்த இயலாதவை. ஆகவே அங்கே உயரத்தைத் திருத்தும் இடங்கள் வேறு. கழுத்தின் உள்ளே பெரும்பாலும் ஓர் எஃகுக் கம்பி செல்லும். அதன் திருகைச் சிறிது திருப்பினால் கழுத்தின் வளைவு மாறும். குதிரையில் செருகிய எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டைத் தேய்த்தால் தந்தி தாழும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் இருப்பதால், குதிரையில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் அங்கே அரை மில்லிமீட்டரே குறையும். எஃகுத் தந்திக் கிதாரில் பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த தந்திக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர் அளவும் வெளி இருத்தல் பொதுவான வழக்கம். நைலான் தந்திக் கிதாரில் அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டரும் 3 மில்லிமீட்டரும் ஆகும். விலை குறைந்த கிதார்கள் பல கடையிலிருந்து வரும்போதே இதனினும் மிக உயர்ந்த தந்தியோடு வருகின்றன. ஒரு விரலால் ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்த வேண்டிய பாடம் வந்ததும் பிள்ளைகள் கிதாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகின்றனர். மழைக்காலத்தில் கிதாரின் மேற்பலகை ஈரத்தால் உப்பித் தந்தி உயர்வதும், வறண்ட காலத்தில் தாழ்ந்து இரைவதும் உண்டு.

சிதாரின் வழி மற்றொன்று. அதன் மெட்டுகள் வில் போல் வளைந்தவை, நூலால் தண்டில் கட்டப்பட்டவை, வேண்டும்போது நகர்த்தத்தக்கவை. அவற்றின் கீழே பரிவுத் தந்திகள் செல்லுகின்றன. சிதாரின் குதிரை அகன்று, மிக நுண்ணிய சரிவோடு இருக்கும். அதில் தந்தி உரசி எழுப்பும் நாதத்திற்கு ஜவாரி என்று பெயர். நாளடைவில் தந்தி குதிரையில் பள்ளம் பறிக்கும்போது அதனைத் தேய்த்துச் சீர் செய்வது தனிக் கலை. நம் சித்திரவீணையிலோ மெட்டே இல்லை. தந்தியின்மேல் ஒரு கட்டையை வழுக்கிச் சென்று வாசிப்பதால் அழுத்தும் தொல்லையே எழுவதில்லை. மெழுகின்றி மெட்டு அமைத்த மின்வீணைகளும் இக்காலத்தில் வந்துள்ளன. இவ்வாறு ஒவ்வொரு கருவியும் ஒரே சிக்கலுக்குத் தனக்குரிய விடையைத் தேடிக்கொண்டுள்ளது.

இனி எம் கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மே மாதம் விடுமுறையில் வீணையோடு தஞ்சைக்குச் சென்றோம். மகளும் உடன் வந்தாள்; ஆனால் ஆர்வமின்றியே வந்தாள். தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே வீணை செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறையில் கருவியை இறக்கினோம். அவர் முதலில் தந்தியைத் தொடவில்லை. குடத்தின் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தண்டியை நெடுக நோக்கினார். பிறகு ஒரு பென்சிலை எடுத்துப் பன்னிரண்டாம் மெட்டுக்கும் சாரணித் தந்திக்கும் இடையே விட்டார். அது தடையின்றி நுழைந்து மறுபுறம் வந்தது.

"தண்டி கொஞ்சம் தூக்கியிருக்கிறது, ஐயா. மெழுகும் உட்கார்ந்துவிட்டது. இதில் யார் கற்றுக்கொண்டது?" என்றார்.

எம் மகள் மெல்லக் கையை உயர்த்தினாள்.

"ரெண்டு வருஷம் இதிலேயா வாசித்தாய், பாப்பா? அடேயப்பா! நீ கெட்டிக்காரி" என்றார் முதியவர்.

அவையோரே, ஐந்தாண்டுகளில் அந்தச் சொல்லை அவளிடம் எவரும் சொன்னதில்லை. யாமும் சொன்னதில்லை. அவள் எம் முகத்தைப் பார்த்தாள். யாம் வேறு பக்கம் பார்த்தோம்.

மேளம் கட்டுதல் என்று அத்தொழிலைச் சொல்லுகின்றனர். பழைய மெழுகு முழுவதையும் நீக்கினார். இணைப்பைச் சரி செய்தார். குதிரையின் உயரத்தைச் சிறிது குறைத்தார். புதிய மெழுகை இளக்கி இரு வரம்புகளாக அமைத்தார். ஒவ்வொரு மெட்டாக வைத்து, அழுத்தி, மீட்டி, காது கொடுத்துக் கேட்டு, அசைத்து, மறுபடி கேட்டு நிறுத்தினார். பன்னிரண்டாம் மெட்டில் மேல் சட்ஜம் பொருந்திய பின்னரே மற்றவற்றுக்குச் சென்றார். இறுதியில் ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை இழுத்துப் பார்த்தார். இரைந்த இடங்களில் மெட்டைச் சிறிது அமிழ்த்தினார். அவர் கையில் அளவுகோல் எதுவும் இல்லை. இரண்டு நாள் ஆயிற்று. முடிந்தபின் அதே பென்சிலை விட்டுப் பார்த்தார்; நுழையவில்லை. பென்சிலின் பாதிப் பருமனே இடைவெளி இருந்தது.

மகளை அழைத்து வாசிக்கச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிச் சரளி வரிசையைத் தொடங்கினாள். மூன்றாண்டு தொடாத கை, தடுமாறியது. ஆயினும் மேல் சட்ஜத்தைத் தொட்டபோது அது சட்ஜமாகவே ஒலித்தது. அவள் வாசிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் ஒரு முறை அதையே மீட்டினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து வாசித்தாள்.

இதன்பின் அற்புதம் நிகழ்ந்தது என்று கூற மாட்டோம். இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. அவளோடு தொடங்கிய பிள்ளைகள் வர்ணங்களை முடித்துவிட்டனர். இவள் கீதத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். இன்றும் விரல் நுனி தடித்திருக்கின்றது. வீணை வாசிப்போர் எவர்க்கும் அது தடித்தே இருக்கும். ஆனால் விரல் எரிகிறது என்று அவள் சொல்லுவதில்லை. சற்று முன்னர் இம்மேடையில் நீங்கள் கேட்ட மூவருள் அவளும் ஒருத்தி.

பெற்றோர்க்குச் சில எளிய சோதனைகளைக் கூறி முடிக்கின்றோம். இவற்றுக்கு இசையறிவு வேண்டுவதில்லை.

ஒன்று: ஒவ்வொரு மெட்டிலும் வரிசையாக மீட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் இரைச்சல் எழுமாயின், அங்கேயோ அடுத்த மெட்டிலோ கோளாறு உண்டு. எங்கும் இரைச்சல் எழுமாயின் தந்தியே தாழ்ந்துள்ளது.

இரண்டு: தந்தியின் நடுவே, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். மெல்லிய மேல் சுரம் ஒன்று கேட்கும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் தந்தி உயர்ந்துள்ளதென்றோ, மெட்டோ குதிரையோ இடம் மாறியுள்ளதென்றோ கொள்க.

மூன்று: கருவியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, அந்த முதியவர் பார்த்தது போல், ஒரு கண்ணால் நோக்குங்கள். மெட்டுகளின் தலைகள் ஒழுங்காக உள்ளனவா என்பது புலப்படும்.

நான்கு: கருவியை வெயில் படும் சுவரோரத்திலும், குளிரூட்டியின் நேர் முன்னும், வெயிலில் நிறுத்திய மூடிய வண்டியினுள்ளும் வைக்க வேண்டா. கோளாறு கண்டால் மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு நீங்களே மெட்டைத் திருத்த முற்படவும் வேண்டா. அறிந்தவரிடம் காட்டுங்கள்.

ஐந்து: குழந்தை வலிக்கிறது என்றால், முதலில் நம்புங்கள். பின்னர் ஆராயுங்கள். தொடக்கத்தில் எல்லார்க்கும் சிறிது வலி உண்டு. சில வாரங்களில் அது தணியும். மாதங்கள் சென்றும் தணியாத வலிக்குக் காரணம் குழந்தையிடம் மட்டும் இருக்கும் என்று கொள்ள வேண்டா.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் காலனி வீடுகளில் உறை போட்டுச் சாத்திய வீணைகள் சில உள்ளன. கட்டிலுக்கு அடியில் கிதார்களும் உள்ளன. அவை ஏன் உறங்குகின்றன என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம். மேளம் கட்டுவோர் இங்கு இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே தஞ்சைக்குச் சுமந்து செல்லுவது அரிது. வீணையை இரயிலில் கொண்டு செல்லும் துன்பத்தை இரயில்வே ஊழியராகிய யாமே அறிவோம்! ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்து நவராத்திரிக்கு முன்னர், தொழில் அறிந்த ஒருவரைச் சங்கத்தின் சார்பில் இங்கு அழைத்து, நான்கு நாள் தங்கச் செய்து, எல்லார் கருவிகளையும் செப்பனிடச் செய்தால் என்ன? வண்டிச் செலவையும் கூலியையும் பங்கிட்டுக்கொள்ளலாம். அவர் தங்குவதற்கு எம் வீட்டில் ஓர் அறை உண்டு. இதனை இம்மேடையிலேயே உறுதி கூறுகின்றோம். செயற்குழு இதனை ஆராய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாம், நம் பிள்ளைகள் தமிழும் இசையும் கற்க வேண்டுமென்று ஆசைப்படுகின்றோம். அந்த ஆசையினாலேயே சில வேளைகளில் கடுமையாகவும் பேசிவிடுகின்றோம். யாம் பேசினோம். அந்தப் பழமொழியை இனி எம் வீட்டில் சொல்லுவதில்லை என்று எம் மகளுக்கு வாக்களித்துள்ளோம். இந்த அவையைச் சாட்சியாக வைத்து அவளிடம் எம் பிழையைப் பொறுக்கும்படியும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!